அவர் குடித்ததே இல்லை

என் கணவர் குடிகாரர் அல்லர். அவரைக் குடிகாரர் என்று ஊருக்குச் சொன்னவள் நான்.

அது பொய். தெரிந்தே சொன்ன பொய்! உயிரோடிருந்த காலமெல்லாம் அதை அவர் சுமந்தார். இறந்த பிறகும் அதுவே அவருடைய அடைமொழியாயிற்று... ‘குடிகாரச் சுதாகரன்.’ எங்கள் மகளும் அப்படி நம்பியே வளர்ந்தாள். நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்கு என்னைத் தெரியாது. முகம் தெரியாதவர்களிடம் சொல்வது எளிதாக இருக்கும் என்று எண்ணித்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லை... எளிதாக இல்லை. ஆனாலும் கேளுங்கள். அவரைப் பற்றி யாரேனும் உண்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தெஹியோவிட்டவுக்கு மேலேயுள்ள றப்பர் தோட்டமொன்றில் அவர் பால் வெட்டும் தொழிலாளி. நான் எஹலியகொடப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு அங்கே போனவள். எனக்குத் தாய் தகப்பன் இல்லை, அக்கா ஒருத்திதான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, எங்களுடையது. மகள் தர்ஷினி பிறந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது.

ஆஸ்பத்திரியில் தாதி துணியில் சுற்றிக் கொடுத்த பிள்ளையை முதலில் வாங்கியவர் அவர்தான். கைகள் நடுங்கினவாம். “கீழ போட்ருவேனோன்னு பயமா இருந்திச்சு செல்வி” என்று சிரித்தார். அதன் பிறகு அந்தக் கைகள் ஒருபோதும் நடுங்கவில்லை.

நடுங்கியவை என் கைகள்!

பிள்ளை அழுதால் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். தூக்கினால் இன்னும் வீறிட்டு அழும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு அப்படி ஒரு நோய் வருமென்று இப்போது எங்கள் மிட்வைப் அம்மா சொல்கிறார். அன்று எங்கள் லயத்தில் யாருக்கும் அது தெரியாது. நோய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் இங்கே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தது நோயாக இருக்கலாம். பொய் சொன்னது நோயல்ல.

அவர் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. விடிகாலையில் மலைக்குப் போகுமுன்னே வெந்நீர் வைப்பார். பிள்ளையின் துணிகளைத் துவைப்பார். எங்கள் பக்கத்து மழையில் துணி எங்கே காயும்? அடுப்புக்கு மேலே கம்பி கட்டி, அந்தச் சூட்டில் உலர்த்துவார். பிள்ளையின் மேல் எப்போதும் இலேசான புகை வாசம் இருக்கும். றப்பர் பாலின் நாற்றம் கையைவிட்டுப் போகாதே! மலையிலிருந்து இறங்கியதும் தேசிக்காய்த் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, என்னிடம் கையை நீட்டுவார். “மோந்து பாரு... நாறுதா? இனித் தூக்கலாமா?”

கிளினிக்கில் தடுப்பூசி போடும்போது பிள்ளை ஒரு முறைதான் வீறிட்டது. இவர்தான் கண்களை மூடிக்கொண்டு நின்றார். இமைக்கடியில் நீர்! “தாத்தாவுக்கும் ஒரு ஊசி போடவா?” என்று தாதி சிங்களத்தில் கேட்க, வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அவரும் சிரித்தார்.

லயத்துப் பெண்கள் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். குழாயடியில் ஒருத்தி என் முகத்துக்கு நேரேயே கேட்டாள். “ஒன் புருசன்தான் எல்லாம் பண்றாரு. அப்ப நீ எதுக்குடி?”

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. நான் எதுக்கு?...

உங்களிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. எனக்குப் பொறாமை! வேறொரு பெண்ணின் மேல் அல்ல, என் கணவர்மேல்... பெற்ற பிள்ளை என்னிடம் வந்தால் அழுகிறது, அவர் குரல் வாசலில் கேட்டதும் கால்களை உதைத்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. குவைத்துக்குப் பெண்களை அனுப்பும் ஆளொருவன் தோட்டத்துக்கு வந்தான். நான் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

எஹலியகொடையிலிருந்து அக்கா ஓடி வந்தாள். “கைப்புள்ளய விட்டுட்டுப் போறியே, ஒனக்கென்னடி கேடு வந்திச்சு?” என்று அடுப்படியில் வைத்துக் கேட்டாள். நான் என்ன சொல்வது? என் பிள்ளையைக் கண்டால் எனக்கே பயமாயிருக்கிறது என்று சொல்லவா? ஒரு தாய் அப்படிச் சொல்ல முடியுமா?

“அவரு குடிக்கிறாருக்கா... அடிக்கிறாரு” என்றேன்.

அவ்வளவுதான்! அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. தோட்டத்தில் அந்த ஒரு காரணத்தைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது... அதனால்தான் சொன்னேன்.

மாலைக்குள் லயம் முழுவதும் பரவிவிட்டது. நம்புவதற்கு அவர்களுக்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. கீழே சிங்களக் கிராமத்தில் சோமபால என்றொருவர், கித்துள் பனை சீவிக் கள்ளும் பாணியும் எடுக்கிறவர், இவருக்கு நண்பர். இனிப்பான அந்தக் கித்துள் பாணியை ஊற்றிக் கொடுத்தால் பிள்ளை எதையும் தின்னும். அதனால் இவர் அடிக்கடி போத்தலும் கையுமாக அங்கே போய் வருவார். போத்தலில் பாணிதான் இருந்தது. கள் என்று ஊர் முடிவுசெய்துவிட்டது.

மறுநாள் அவர் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே என்னிடம் கேட்டார்.

“நான் குடிக்கிறேன்னு சொன்னியாமே?”

நான் தலை நிமிரவில்லை. பிள்ளை அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“சரி, வுடு” என்றார் கடைசியில். “போறதுக்கு ஒனக்கு ஏதோ ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கு. நீ பத்திரமா போயிட்டு வா. வந்ததும் ரெண்டு பேருமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம், அது பொய்யின்னு.”

ரெண்டு பேருமா!... அந்தச் சொல்லை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நான் போன பிறகு பகலில் தர்ஷினியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போவார். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா நல்லவர், கண்டிப்பானவர். குடிகாரனிடம் எப்படிப் பிள்ளையைக் கொடுப்பார்? மாலையில் இவர் போய் நின்றதும், “வாயை ஊது” என்பாராம். இவர் ஊதுவார். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தருவாராம். தினமும்! மற்றத் தகப்பன்மார் பார்த்துக்கொண்டு நிற்கையில்...

இதை அவரே தொலைபேசியில் வேடிக்கைபோலச் சொன்னார். “இன்னிக்கும் ஊதச் சொன்னாங்க செல்வி. நல்லா ஊதினேன். சம்பல் வாசந்தான் வந்திருக்கும்!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆம், சிரித்தேன்!

“ஆயாம்மாகிட்ட நான் பேசுறேன், குடுங்க” என்று ஏன் சொல்லவில்லை? எத்தனை முறை யோசித்திருக்கிறேன்! சொன்னால் நான் யார்? காரணமே இல்லாமல் பால்குடிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வந்தவள்...

ஒப்பந்தம் முடிந்தது. வா என்றார். நான் நீட்டித்துக்கொண்டேன். மீண்டும் நீட்டித்தேன். “ஒன் மக இப்ப ரெட்ட ஜடை கேக்குறா. எனக்கு ஒத்த ஜடைதான் நேரா வருது. அதுக்காவது வந்துரு” என்றார் ஒருமுறை. பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கற்றுக்கொண்டு ரெட்டைச் சடையும் பின்னிவிட்டதாகச் சொன்னார். அவர் குரலில் இருந்த பெருமையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்!

தர்ஷினிக்கு ஐந்து வயது நிறையுமுன் அவர் இறந்தார்.

பிள்ளைக்காம்பராவிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு றப்பர் மலைக்குள் வந்த வழியில் குளவிக்கூடு கலைந்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் கொட்டியிருக்கின்றன. தர்ஷினிக்குக் கழுத்தில் ஓரிரு கொட்டுகள், கையில் எலும்பு முறிவு. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே...

நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கருமாதிக்குத்தான் வர முடிந்தது. வந்தவர்கள் என்னிடம் துக்கம் விசாரித்த விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

“போதையில விழுந்து கெடந்திருக்கான். இல்லன்னா ஓடித் தப்பிச்சிருக்க மாட்டானா? பச்சப் புள்ளமேல விழுந்து கையையும் ஒடச்சுப்புட்டான் பாவி. விடும்மா, ஒனக்கு விட்டிச்சு சனி.”

தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சோமபால வந்தார். கூட்டத்துக்குள் வராமல் பலா மரத்தடியில் நின்றவர், என்னைத் தனியே அழைத்தார். அவர்தான் தென்னோலையைக் கொளுத்திக்கொண்டு ஓடிவந்து குளவியை விரட்டியவர். முகத்திலும் கைகளிலும் கொட்டிய தடங்கள் இன்னும் ஆறவில்லை. அவர் பேச்சில் நான் நங்கி, தங்கை; என் கணவர் மல்லி, தம்பி; பிள்ளை பபா.

“நங்கி, நான் கண்டது. மல்லிக்கு ஓட ஏலும். ஓடல்ல. தலையில போட்டிருந்த படங்குச் சாக்க எடுத்து பபாவச் சுத்திச்சு. கீழ வச்சு, மேல படுத்திச்சு. நான் வந்து இழுத்தப்பவும் எழும்பல்ல... பபாவ விடல்ல. நான் எல்லாருக்கும் சொன்னது. ‘நீ அவனுக்குக் கள்ளுக் குடுத்த ஆளு, அப்பிடித்தான் சொல்லுவே’ன்னாங்க. நீ சொல்லு நங்கி. நீ சொன்னா கேப்பாங்க.”

நான் சொன்னால் கேட்பார்கள்... உண்மைதான். என் பொய்யைக் கேட்டவர்கள், என் உண்மையையும் கேட்டிருப்பார்கள்.

நான் சொல்லவில்லை.

அவர் குடிகாரர் இல்லையென்றால், நான் யார்? மகளை அழைத்துக்கொண்டு எஹலியகொடைக்கு, அக்காவின் தோட்டத்துக்குப் போய்விட்டேன். சோமபாலவை விட்டும், அவர் சொன்னதை விட்டும் தூரமாக.

தர்ஷினி அங்கேதான் வளர்ந்தாள். முதலில் என்னிடம் வரவே மாட்டாள். மெல்ல மெல்ல வந்தாள். என் பயமும் எப்படியோ தெளிந்திருந்தது. நான் கொழுந்து பறித்தேன், அவளைப் படிக்கவைத்தேன். நல்ல தாய் என்று ஊர் சொன்னது. குடிகாரனிடம் பட்டும் பிள்ளையை ஆளாக்கிவிட்டாள் என்று மெச்சியது! அந்த மெச்சலையும் நான் வாங்கிக்கொண்டேன்.

அவளுக்குத் தகப்பனைப் பற்றி எஞ்சியிருந்த ஞாபகம் ஒன்றே ஒன்றுதான். இருட்டு. மூச்சுமுட்டுகிற பாரம். “அப்பா குடிச்சிட்டு என் மேல விழுந்து கெடந்தாரு” என்று தோழிகளிடம் சொல்வாள். மழைக்காலத்தில் அந்தக் கை வலித்தால், “அப்பா குடுத்த சீதனம்” என்பாள். அவர் படத்துக்குப் பூ வைக்க மாட்டாள். நானும் வற்புறுத்தியதில்லை. எந்த முகத்தோடு வற்புறுத்துவேன்?

எஹலியகொட டவுனில் பேக்கரி ஒன்றில் வேலை செய்யும் பிரசாத்தை அவளுக்கு மணமுடித்து வைத்தேன். அமைதியான பையன். நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். இந்த ஆண்டு அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு மாலை பிரசாத் வேலை முடிந்து வந்தார். கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, குழந்தையை வாங்கக் கைகளை நீட்டினார். தர்ஷினி கொடுக்கவில்லை. அவள் ஒருநாளும் அவரிடம் குழந்தையைக் கொடுப்பதில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

“தர்ஷி, கொஞ்ச நேரம் குடு. நான் உக்காந்துகிட்டே வச்சிக்கிறேன்.”

“முதல்ல வாயை ஊதுங்க” என்றாள்.

என் கையிலிருந்த அகப்பை குழம்புக்குள் விழுந்தது.

எங்கே கேட்டிருப்பாள்? அக்கா சொல்லியிருப்பாள். ‘ஒங்கப்பன ஆயாம்மா ஊதச் சொல்லித்தான் புள்ளய குடுப்பாங்களாம்’ என்ற கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பிரசாத் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. சங்கடமாகச் சிரித்துக்கொண்டே ஊதினார். அவள் முகர்ந்தாள். அப்படியும் கொடுக்கவில்லை.

“இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குக் குடிப்பீங்க. அப்பாமாரு எல்லாம் அப்படித்தான். எம்புள்ளைக்கும் கை ஒடைய வேணாம்.”

பிரசாத் நீட்டிய கைகளை மெல்ல இறக்கிக்கொண்டார். எனக்கு அந்தக் கைகள் மட்டுமே தெரிந்தன. அந்த வீட்டில் இன்னொரு தகப்பன் என் பொய்யால் தன் பிள்ளையைத் தூக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார்! நான் ஒருவரைத்தானே கெடுத்தேன் என்று எண்ணியிருந்தேன்... எத்தனை பேரை?

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“ஒங்கப்பா குடிச்சதே இல்ல தர்ஷினி. நாந்தான் பொய் சொன்னேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்ததிலிருந்து, பலா மரத்தடி வரை. பிரசாத் எழுந்து வெளியே போகப் பார்த்தார். “நீங்களும் இருங்க” என்றேன். அதைக் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு.

அவள் அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, இந்தக் கை...?”

“ஒன்ன மூடிக்கிட்டுப் படுத்தப்போ ஒடைஞ்சிருக்கு.”

“என்னைய விட்டுட்டுப் போனது நீங்க” என்றாள் நிதானமாக. “போகாம இருந்தது அவரு. ஆனா நான் இத்தன காலமும் வெறுத்தது அவர.”

“ஆமா.”

“ஏம்மா, செத்த பெறகாவது சொல்லியிருக்கலாந்தானே?”

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்...

பல நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. குழந்தையை என் கையில் கொடுக்கவும் இல்லை. பிறகு ஒரு காலையில் வந்து, “அந்த சோமபால மாமா உயிரோட இருக்காரா? என்னைய கூட்டிட்டுப் போங்க” என்றாள். நான் சொல்வதை மட்டும் வைத்து இனி எதையும் நம்ப அவள் தயாராக இல்லை. அது நியாயந்தானே?

நால்வருமாகப் போனோம். அவிசாவளையில் பஸ் மாறி, தெஹியோவிட்டவில் இறங்கினோம். கிராமத்து வழி அப்படியே இருந்தது. சோமபால இருந்தார்! தலை முழுக்க நரைத்து, மரம் ஏறுவதை நிறுத்தி, மகனுடைய வீட்டில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தர்ஷினியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“அனே... மல்லிட மூஞ்சி!”

அவளை ‘துவ’, மகளே, என்று அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அன்று கண்டதைச் சொன்னார். எனக்குச் சொன்னதையேதான் சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

“மாமா, அன்னைக்கி நல்ல மழையா?”

“மழயா? இல்ல துவ. சரியான வெயில்.”

“இல்ல மாமா. எனக்கு மழ ஞாபகம் இருக்கு. சோன்னு சத்தம்... என் மேல மழ.”

சோமபால தன் முகத்தை இரு கைகளாலும் துடைத்துக்கொண்டார்.

“அது குளவிச் சத்தம் துவ. மல்லிதான் சொன்னது... நான் கிட்ட வாற நேரம் கேட்டது. ‘மழ பெய்யுதுடா செல்லம், மழதான், இந்தா விட்ரும்’... அப்பிடியே சொல்லிக்கிட்டே இருந்திச்சு. சத்தம் நிக்கிற வரைக்கும் சொன்னது.”

தர்ஷினி அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, சிறு பிள்ளையைப்போல... சோமபாலவின் மருமகள் உள்ளேயிருந்து ஓடிவந்தார். குழந்தையும் விழித்துக்கொண்டு அழுதது. தர்ஷினி பக்கத்தில் நின்ற பிரசாத்திடம் குழந்தையை நீட்டினாள். பார்க்காமலே நீட்டினாள்! அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நான் எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டேன். அந்தக் கண்ணீரில் எனக்கு இடமில்லை என்று தெரிந்தது.

அத்தோடு திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். அவள் விடவில்லை. “லயத்துக்குப் போவோம்” என்றாள். “எல்லாருக்கும் சொன்னது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க.”

மேடேறிப் போனோம். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் திரும்பும் நேரம். எங்கள் பழைய காம்பராவில் வேறு யாரோ இருந்தார்கள். என்னைத் தெரிந்தவர்கள் சிலர் கூடினார்கள். லயத்து வாசலில் நின்று சொன்னேன். குரல் எழும்பவில்லை, “சத்தமா சொல்லுங்கம்மா” என்றாள் தர்ஷினி பின்னாலிருந்து. சத்தமாகச் சொன்னேன்.

“எங்க வீட்டுக்காரரு குடிச்சதில்ல. என்னைய அடிச்சதில்ல. நான் சொன்னது பொய். குளவி கொட்டறப்போ அவரு விழுந்து கெடக்கல. புள்ளய காப்பாத்தப் படுத்தாரு.”

ஒருவர், “செத்தவனுக்கு இப்ப என்னத்துக்கும்மா சாட்சி?” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். குழாயடியில் அன்று என்னைக் கேலி செய்தவள் இப்போது தலை நரைத்து நின்றாள். என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். வாங்கிக்கொண்டேன்.

ஆயாம்மா வேலையிலிருந்து ஓய்ந்து, மகள் வீட்டில் இருந்தார். கண் சரியாகத் தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டார். “தெனமும் ஊதச் சொன்னேனே... ஒரு நாளாச்சும் மொகஞ் சுளிச்சதில்லையே அந்தப் புள்ள! ‘நல்லா பாருங்க ஆயாம்மா, நீங்க பாக்குறது நல்லதுதான், இன்னொரு அப்பன் நெசமாவே குடிச்சிட்டு வரலாம்’னு சொல்லுவானே...”

எனக்கு இது புதிது. அவர் எனக்குச் சொன்னதேயில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரியாதவை இன்னும் எத்தனை இருக்கும்? அந்த ஆண்டுகளில் நான் அங்கே இருக்கவில்லையே!

ஆயாம்மா தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவள் எந்த நிறச் சட்டைக்கு அடம்பிடிப்பாள், அவர் எப்படிக் கழுத்தில் உட்காரவைத்துப் பாடிக்கொண்டே மேடேறுவார், கிறிஸ்மஸுக்குத் தோட்டத்துத் துரை பொம்மை கொடுத்தபோது அவர் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒன்று கேட்டு வாங்கியது... சொல்லிக்கொண்டே இருந்தார். என் மகள் தாகத்தில் தண்ணீர் குடிப்பவளைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனை காலமும் இல்லாத தகப்பன் அவளுக்கு அன்றைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அவர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். எனக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது. குழந்தை பிரசாத்தின் மடியில். அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். தர்ஷினி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் பகலில் அப்படித் தூங்கியதை நான் கண்டதில்லை.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நீங்கள் எண்ண வேண்டாம். மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கும் தகுதி எனக்கிருப்பதாகத் தோன்றவில்லை. மன்னிக்க வேண்டியவர் தெஹியோவிட்ட மலையில் மண்ணுக்கடியில் இருக்கிறார். அவரோடு சேர்ந்து சொல்லியிருக்க வேண்டியதை நான் தனியாகச் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா?... யார் சொல்வார்?

எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் ஊதச் சொல்வதில்லை. பிரசாத் வந்ததும் குழந்தை அவரிடம் போய்விடுகிறது. என்னோடு தர்ஷினி தேவைக்குப் பேசுகிறாள். சிலவேளை நானிருப்பதை மறந்து என்னருகிலேயே உட்கார்ந்து பால் கொடுக்கிறாள்; ஞாபகம் வந்ததும் எழுந்து போகிறாள். அந்தச் சிலவேளைகளுக்காகக் காத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“அந்தத் தோட்டத்துல மேல் டிவிஷன் ஒண்ணு இருக்குல்ல? அப்பா அங்கயும் வேல செஞ்சாராம். அங்க உள்ளவங்களுக்கு இன்னும் தெரியாது.”

“ஆமா” என்றேன்.

“போயா லீவுக்கு, பௌர்ணமியன்னிக்கு, போவோம். எங்க வீட்டுக்காரரும் வர்றேன்னு சொன்னாரு. நீங்கதான் சொல்லணும்.”

“சொல்றேன்” என்றேன்.

அவள் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து, உதறி, கொடியின் மறுமுனையில் போட்டாள். பிறகு இன்னொன்று.

மேல் டிவிஷனுக்கு ஏற்றம் அதிகம். எனக்கு முழங்கால் வலி... நான் ஏறிவிடுவேன்.